பள்ளிப் பொங்கல் முடிந்ததும் அவளை அனுப்பி வையுங்கள்

பிளஸ் டூ மாணவிகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,

மதுரையில் ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் நான். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளில் எங்கள் பள்ளியில் சமத்துவப் பொங்கல் வைப்பது வழக்கம். அன்றைக்கு மதியத்தோடு பள்ளி விட்டுவிடும். அதற்கு முந்தின வாரமே உங்கள் மகள் தயங்கித் தயங்கி உங்களிடம் வந்து நிற்பாள். "பொங்கல் முடிஞ்சதும் பழைய ஃப்ரெண்ட்ஸோட வெளியே போயிட்டு வரட்டுமாம்மா?" என்று கேட்பாள். சரி, போய்விட்டு வா என்று சொல்லுங்கள். அதைக் கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

பழைய ஃப்ரெண்ட்ஸ் என்று அவள் சொல்வது, ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் அந்த பெஞ்ச் கலைந்துபோனது. ஒருத்தி பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ சேர்ந்தாள். இன்னொருத்தி புதூர் ஐ.டி.ஐ.க்குப் போனாள். அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை கிடைத்ததால் ஒருத்தி குடும்பத்தோடு ஊர் மாறினாள். கேட்ட குரூப் கிடைக்கும் என்று ஒருத்தியை வேறு பள்ளியில் சேர்த்தார்கள். கணக்கில் தவறிப்போன ஒருத்தி டவுனில் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள். உங்கள் மகள் அதே பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்து, முன்பின் தெரியாதவர்களோடு புது பெஞ்சில் உட்கார்ந்தாள். பதினைந்து வயதில் அவளுக்கு நேர்ந்த பெரிய பிரிவு அது. அட்மிஷன், யூனிஃபார்ம், புத்தகம் என்று எல்லோரும் அலைந்துகொண்டிருந்த அந்த ஜூன் மாதத்தில் அதைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் கூட்டம் மறுபடியும் ஒன்றுசேர வருடத்தில் ஒரு நாள் வாய்க்கிறதென்றால் அது பள்ளிப் பொங்கல் நாள்தான். உங்களில் பலருக்கு அன்றைக்கு வேலை இருக்கும், வந்து பார்க்க முடியாது. அதனால் அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்கே மைதானத்தில் கோலம் தொடங்கிவிடும். சாணி தெளித்த தரையில் வகுப்புக்கு ஒரு கட்டம். புள்ளிக்கோலம்தான் போட வேண்டும் என்று ஒரு குழு, ரங்கோலிதான் என்று இன்னொரு குழு. அன்றைக்குக் கலர் டிரஸ்ஸில் வரலாம் என்பதால் பிளஸ் டூ பிள்ளைகள் எல்லோரும் சேலையில் இருப்பார்கள். உங்கள் பீரோவில் இருக்கும் நல்ல சேலையைத்தான் கேட்டு வாங்கி வந்திருப்பாள். கொசுவம் பிடித்து, ஊக்கு குத்தி, முந்தானையை ஒழுங்காக மடித்துவிடுவது பாதிப் பேருக்கு டீச்சர்களான நாங்கள்தான். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்துவிடும். பொங்கல் நேரத்தில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மதுரை மல்லி கிலோ ஆயிரங்களில் விற்கும். அந்த விலையிலும் யாராவது ஒருத்தி இரண்டு முழம் வாங்கி வந்து, கிள்ளிக் கிள்ளி எட்டுப் பேர் தலையில் வைத்திருப்பாள்.

செங்கல் கூட்டி அடுப்பு வைத்து, புதுப்பானையில் மஞ்சள் கொத்துக் கட்டுவோம். ஆளுக்கு ஒரு கைப்பிடி பச்சரிசி கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் பள்ளியின் ஏற்பாடு. யார் வீட்டு அரிசி எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே பானையில் விழும். முஸ்லிம் வீட்டுப் பிள்ளை துடுப்புப் பிடித்துக் கிண்டுவாள். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை நெய்யில் முந்திரி வறுப்பாள். பால் பொங்கி வழியும்போது முந்நூறு பிள்ளைகள் ஒன்றாகக் குலவை போடுவார்கள். மேலூர்ப் பக்கத்துச் செங்கரும்பைக் கடித்துத் துப்பியபடி உறியடிக்கும் கயிறு இழுக்கும் போட்டிக்கும் ஓடுவார்கள். கும்மியில் ஆரம்பித்து, பறை அடிக்கத் தெரிந்த பிள்ளைகள் கையில் பறை வந்ததும் டீச்சர்களும் ஆடத் தொடங்கிவிடுவோம்.

2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளியில் தொடங்கி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறிப்போகும் போட்டி அது. மேடையே ஏறாத எத்தனையோ பிள்ளைகளை அது மேடைக்குக் கொண்டுவந்தது, அதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. ஆனால் அங்கே முதல் இடம், இரண்டாம் இடம் உண்டு. பொங்கல் பானைக்கு முன்னால் அது கிடையாது. நானூற்று ஐம்பது மார்க் வாங்கியவளும் ஃபெயிலானவளும் அங்கே ஒரே வாழையிலைத் துண்டில்தான் பொங்கல் வாங்குகிறார்கள். பள்ளிக்கூடம் பிள்ளைகளைத் தரம் பிரிக்காத அபூர்வமான நாள் அது.

அதனால்தான் படிப்பை விட்டவர்களும் அன்றைக்குத் துணிந்து வருகிறார்கள். பதினோரு மணிவாக்கில் கேட்டருகே ஒவ்வொருத்தியாக வந்து நிற்பார்கள். பாலிடெக்னிக் ஐ.டி. கார்டு கழுத்தில் தொங்க ஒருத்தி வருவாள். திருப்பூரிலிருந்து பொங்கலுக்கு ஊர் வந்த கையோடு ஒருத்தி வருவாள். வேறு பள்ளிக்குப் போனவள், தன் பள்ளியில் பொங்கல் முடிந்ததும் அதே சேலையோடு ஓடி வருவாள். உள்ளே வரலாமா என்று வாட்ச்மேன் அண்ணனைப் பார்ப்பார்கள். மற்ற நாட்களில் அடையாள அட்டை இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது. அன்றைக்கு மட்டும் பழைய மாணவிகளுக்குக் கேட் திறந்திருக்கும். உள்ளே வந்ததும் அவர்கள் நேராகப் போவது பத்தாம் வகுப்பு அறைக்குத்தான். தங்கள் பெஞ்ச் எங்கே கிடக்கிறது என்று தேடுவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒரு பெண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறினாள். துணைத்தேர்வு எழுதலாம் என்று நாங்கள் சொன்னோம். வீட்டில் அப்பாவுக்கு உடம்பு முடியாத நேரம், அவள் ஜவுளிக்கடைக்குப் போய்விட்டாள். பொங்கல் வியாபாரம் சூடாக நடக்கும் நாளில் சூபர்வைசரிடம் அரை நாள் லீவு கேட்டு வாங்கி, கடை யூனிஃபார்ம் சேலையோடே பள்ளிக்கு வந்தாள். பொங்கல் சாப்பிட்டுவிட்டு அவளும் பழைய தோழிகளுமாக ஆறு பேரும் தெப்பக்குளத்துக்குப் போனார்கள். பிறகு அதை அவள் தோழி எனக்குச் சொன்னாள். முதலில் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போவதாகத்தான் திட்டமாம். ஆனால் கடையில் நாள் முழுக்க நின்று நின்று அவளுக்குக் கால் வீங்கியிருந்ததைப் பார்த்ததும், இன்றைக்கு நடக்க வேண்டாம், எங்கேயாவது உட்கார்ந்து பேசலாம் என்று மற்றவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்தது. சட்டம் வந்த பிறகும் கால் வீங்குகிறது என்பதை அந்தப் பதினேழு வயதுப் பிள்ளைகள் தங்கள் தோழியின் காலைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

குளத்துப் படியில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார்கள். அப்போதுதான் அவள், கணக்குப் பரீட்சையை இன்னும் எழுதலாமா, வயசு தாண்டிப்போச்சோ என்று கேட்டிருக்கிறாள். தனித்தேர்வராக எழுதலாம், தவறிய பாடம் ஒன்றை மட்டும் எழுதினால் போதும் என்று தோழிகள் சொல்லியிருக்கிறார்கள். பாலிடெக்னிக்கில் படிப்பவள் கணக்கு சொல்லித்தர ஒப்புக்கொண்டாள். என் வகுப்பில் இருந்தவள், விண்ணப்பம் போடும் தேதியைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். ஜூன் மாதத் துணைத்தேர்வில் அவள் தேறினாள். நாங்கள் ஆசிரியர்கள் வீடு தேடிப் போய்ச் சொன்னபோது நடக்காதது, தெப்பக்குளத்துப் படியில் நடந்தது. நாங்கள் சொன்னது அறிவுரையாகக் காதில் விழுந்திருக்கும். தோழிகளோ கூடவே இறங்கி வேலை செய்தார்கள்.

ஊர் சுற்றல் என்று நாம் ஒரே சொல்லில் தள்ளிவிடுவதற்குள் இத்தனையும் இருக்கிறது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட பிள்ளைக்கும் படிப்புக்கும் நடுவில் மிச்சமிருக்கும் ஒரே தொடர்பு அவளுடைய பழைய தோழிகள்தான். அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பட்டயப் படிப்புக்கும் ஐ.டி.ஐ.க்கும் அது உண்டு. டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியல் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். இதெல்லாம் செய்தித்தாளிலும் வருகிறது, நோட்டீஸ் போர்டிலும் இருக்கிறது. ஆனால் கடையில் நிற்கும் பெண்ணின் காதுக்கு இதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் மகளைப் போன்ற ஒரு தோழிதான். உங்கள் மகளுக்கும் அந்தப் பிற்பகலில் கிடைப்பது உண்டு. பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்பதைப் பாலிடெக்னிக்கில் இருப்பவளிடமும், முதல் சம்பளம் வாங்கியவளிடமும் கேட்டுத் தெரிந்துகொள்வாள். தொழிற்கூடத்தில் கை அழுக்காகிறதா, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறாய் என்றெல்லாம் அவர்களிடம்தான் அவளால் கூச்சமில்லாமல் கேட்க முடியும்.

அவர்கள் எங்கே போகிறார்கள் என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். மதுரைப் பெண்பிள்ளைகள் அரை நாளில் போய் வரக்கூடிய நல்ல இடங்கள் நம் ஊரில் நிறையவே இருக்கின்றன. திருமலை நாயக்கர் மகாலை 1636-இல் கட்டினார்கள். மூன்று பேர் கைகோத்துக் கட்டிப் பிடிக்க வேண்டிய அந்தத் தூண்களைப் பிள்ளைகள் கட்டிப் பிடித்துப் பார்க்காமல் திரும்புவதில்லை. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது. சுடப்பட்ட நாளில் காந்தி அணிந்திருந்த, இரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. 1921 செப்டம்பரில் அவர் மேல்சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறியதும் இதே மதுரையில், மேலமாசி வீதியில்தான். வகுப்பில் நான் பத்து நிமிடம் பேசிப் புரியவைக்க முடியாததை அந்தக் கண்ணாடிப் பேழை முன்னால் நின்று பிள்ளைகள் தாங்களாகவே புரிந்துகொள்கிறார்கள்.

புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தை 2023 ஜூலை 15 அன்று, காமராசர் பிறந்த நாளில் திறந்தார்கள். போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்குத் தனிப் பகுதியே அங்கே இருக்கிறது. போன வருடம் அங்கே போன ஒரு கூட்டம், படிக்கட்டில் போட்டோ எடுத்து முடித்ததும் உள்ளே போய் மாலைவரை உட்கார்ந்துவிட்டது. ஒரு மணி நேரம் கூடுதலாகக் கையில் இருந்தால் கீழடிக்குப் போகலாம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில், வைகைக் கரையில் வாழ்ந்தவர்களின் பானை ஓடுகளில் அவர்கள் கீறி வைத்த பெயர்களைத் தமிழி எழுத்தில் பார்க்கலாம். பகடையும், ஆட்டக்காய்களும், வட்டமாகத் தேய்த்த சில்லுகளும் அங்கே இருக்கின்றன. பாண்டி விளையாடிய பிள்ளைகளுக்கு அந்தச் சில்லைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும், யாரும் விளக்க வேண்டாம். இதே மண்ணில் இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாக மனிதர்கள் கூடி உட்கார்ந்து விளையாடியிருக்கிறார்கள் என்பதை அவர்கள் பார்க்கட்டும்.

எங்கேயும் போகாமல் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தாலும் போதும். திருமலை நாயக்கர் வெட்டிய குளம் அது. தைப்பூசத்தன்று அங்கே தெப்பத் திருவிழா நடக்கும். குளத்தில் தண்ணீர் நிறைந்து மைய மண்டபம் அதில் தெரியும்போது, பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். திரும்பும் வழியில் ஒரு டம்ளர் பருத்திப்பாலோ ஜிகர்தண்டாவோ குடித்துவிட்டு வருவார்கள். கடல்பாசியும் நன்னாரி சர்பத்தும் போட்ட ஒரு கிளாஸை இரண்டு பேர் பங்கு போட்டுக் குடிப்பார்கள். அவர்கள் ஊர் சுற்றியதன் மொத்தக் கதையும் இவ்வளவுதான்.

இனி உங்கள் கவலைகளுக்கு வருகிறேன். முதலில் பரீட்சை. அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் முடிந்துவிட்டது. பொங்கலுக்குப் பிறகு ரிவிஷன் டெஸ்ட், பிப்ரவரியில் பிராக்டிக்கல், மார்ச்சில் பொதுத்தேர்வு. இந்த நேரத்தில் அரை நாள் வீணாகப் போகிறதே என்று நினைக்கிறீர்கள். வருடக்கணக்காகப் பிளஸ் டூ வகுப்பில் நிற்கும் ஆசிரியராகச் சொல்கிறேன், அந்த அரை நாளால் எந்தப் பிள்ளைக்கும் மார்க் குறைந்ததை நான் பார்த்ததில்லை. காலை ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஸ்பெஷல் கிளாஸ், ஞாயிற்றுக்கிழமை டியூஷன் என்று ஜூன் மாதத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அவர்கள். ஜனவரி மாதத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மனதில் கிடப்பதை யாரிடமாவது பேசித் தீர்த்தால் அந்தப் பக்கம் நகரும். தோற்றுவிடுவேனோ என்ற பயத்தை உங்களிடம் அவள் சொல்ல மாட்டாள், நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று மறைப்பாள். என்னிடமும் சொல்ல மாட்டாள். ஆறாம் வகுப்பில் தன்னோடு சேர்ந்து அழுத தோழியிடம் சொல்வாள்.

இரண்டாவது, காசு. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து தெப்பக்குளம் போய் வர ஒரு ரூபாய் செலவு கிடையாது. காந்தி அருங்காட்சியகத்துக்கும் நூலகத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. நூறு ரூபாய் கொடுத்தனுப்பினால் மிச்சம் கொண்டுவருவாள். அதுவும் முடியாத வாரம் என்றால் அவளிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஒருத்தியிடம் காசு இல்லையென்றால் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வது அந்தக் கூட்டத்தில் ஆறாம் வகுப்பிலிருந்தே உள்ள வழக்கம்.

மூன்றாவது, பாதுகாப்பு. இந்தக் கவலையை நான் ஒருபோதும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பயத்தைச் சில ஏற்பாடுகளாக மாற்றிக்கொள்வோம். யார் யார் போகிறார்கள், எந்த இடம், எந்த பஸ், எத்தனை மணிக்குத் திரும்புவது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூட வருகிற இரண்டு பிள்ளைகளின் வீட்டு நம்பர் உங்களிடம் இருக்கட்டும். அந்த அம்மாக்களிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். பொங்கல் சமயத்தில் மதுரையில் ஆறே காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லுங்கள். திரும்பும்போது யாரும் தனியாக பஸ்ஸுக்கு நிற்கக் கூடாது, இரண்டு இரண்டு பேராகப் பிரிய வேண்டும் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 என்ற இரண்டு எண்களையும் அவள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் அடிக்காதீர்கள். நடுவில் ஒருமுறை அவளே கூப்பிடட்டும்.

கல்லூரி தொடங்கியதும் இதே பிள்ளை கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ தனியாக பஸ் ஏறப் போகிறாள். அதற்கு முன்னால் தன் சொந்த ஊரில், தெரிந்த தோழிகளோடு, பட்டப்பகலில் வழி கேட்டு, பஸ் மாறி, நேரத்துக்குத் திரும்பப் பழகட்டும். பாதுகாப்பை இப்படிச் செய்துதான் பழக முடியும். பூட்டிய வீட்டுக்குள் அது பழக்கத்துக்கு வராது.

நான்காவது கவலையை நீங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள்? வயசுப் பெண்கள் கூட்டமாகத் தெப்பக்குளத்தில் உட்கார்ந்து சிரித்தால் தெருவில் என்ன பேசுவார்கள்? உங்கள் வீட்டிலேயே ஒரு மகனும் இருப்பான். பொங்கலுக்குப் பாலமேட்டுக்கும் அலங்காநல்லூருக்கும் ஜல்லிக்கட்டுப் பார்க்க ஃப்ரெண்ட்ஸோடு பைக்கில் கிளம்பும்போது அவன் அனுமதி கேட்பதில்லை, போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். மகளோ ஒரு வாரம் முன்பிருந்தே உங்கள் முகம் பார்த்துக் காத்திருக்கிறாள். இருவரையும் நீங்கள் ஒரே அன்போடுதான் வளர்க்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அன்பு அனுமதியிலும் தெரியட்டும் என்றுதான் கேட்கிறேன். தெருவில் பேசுகிற நாலு பேர் அவளுக்குப் பரீட்சை எழுதப் போவதில்லை, அவள் மனம் உடைந்த நாளில் வந்து உட்காரப் போவதுமில்லை.

ஐந்தாவதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை, நாம் இருவரும் அறிந்ததுதான். "யாரோட போற? அவங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த ஒரு பையனையும் அவன் தங்கையையும் சொந்த வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்த பையன்கள். அதன் பிறகு பள்ளிகளில் சாதி உணர்வைப் போக்குவதற்கு வழி சொல்ல நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் இருக்கக் கூடாது என்று பல பரிந்துரைகள் அதில் உண்டு. அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். உங்கள் வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பொங்கல் பானையில் எல்லார் வீட்டு அரிசியும் ஒன்றாக வெந்த பிறகு, உன் சாதிக்காரிகளோடு மட்டும் வெளியே போ என்று அவளிடம் சொல்லாதீர்கள். ஐந்து வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளைகள் அவர்கள். அந்தப் பழக்கம் பள்ளிக்கூட கேட்டோடு நின்றுவிட்டால், காலையில் நாங்கள் வைத்த சமத்துவப் பொங்கலுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். உங்கள் வீட்டுக்கும் அந்தத் தோழிகளை ஒருநாள் கூப்பிடுங்கள். கரிநாளன்று கறிச்சோறு போட்டு அனுப்புங்கள்.

தமிழாசிரியை என்பதால் வள்ளுவரையும் துணைக்கு அழைக்கிறேன். நட்புக்கு அவர் ஐந்து அதிகாரங்கள் ஒதுக்கியிருக்கிறார். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று 79 முதல் 83 வரை அவை வரிசையாக வரும். கெட்ட சகவாசம் பற்றி உங்களுக்கு இருக்கும் அச்சம் அவருக்கும் இருந்திருக்கிறது, அதற்குத்தான் இரண்டு அதிகாரம். ஆராய்ந்து பார்த்துப் பழகு என்று சொல்ல ஒன்று. ஆனால் நீண்ட நாள் பழகியவர்களுக்கென்றே தனியாக 81-ஆம் அதிகாரத்தை எழுதியிருக்கிறார். பழகியவர்கள் உரிமை எடுத்துச் செய்வதை மனமொப்பி ஏற்றுக்கொள்வதும், அவர்களைக் கைவிடாமல் இருப்பதும் அதில் பேசப்படுகின்றன. உங்கள் மகளின் தோழிகள் ஆராய்ந்து பார்க்கும் கட்டத்தைத் தாண்டியவர்கள். ஐந்து வருடம் நீங்களும் நானும் அவர்களைப் பார்த்துவிட்டோம். சத்துணவு வரிசையில், காய்ச்சல் நாளில், ரிசல்ட் நாளில் அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று நமக்குத் தெரியும்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இந்த மடலில் ஒரு வேண்டுகோள் உண்டு. பள்ளியில் பொங்கல் என்று கேள்விப்பட்டால் உங்கள் மகளை அனுப்பி வையுங்கள். படிப்பை விட்டுட்டு அங்கே போய் என்ன பண்ணப் போற, நாலு பேர் கேட்டா அசிங்கம் என்று சொல்லாதீர்கள். அவள் உழைத்து உங்கள் வீட்டைத் தாங்குகிறாள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, தலைநிமிர்ந்து அவள் உள்ளே வரலாம். எங்கள் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லாமல் போயிருக்கலாம். அவளுக்குப் பொங்கல் இலை உண்டு. அவளைச் சேர்த்துக்கொள்ளும் வழிகளைச் சொல்ல நாங்களும் இருக்கிறோம். உங்களால் முடிந்தால் கடை முதலாளியிடம் பேசி அந்த அரை நாளை வாங்கிக் கொடுங்கள்.

பெற்றோரே, அடுத்த வருடம் இதே நாளில் உங்கள் மகள் எந்த ஊரில் இருப்பாள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருத்திக்குக் கல்லூரி, ஒருத்திக்கு வேலை, ஒருத்திக்குக் கல்யாணப் பேச்சு என்று அவர்கள் இன்னும் தூரம் போகப் போகிறார்கள். பத்தாம் வகுப்பு முடிந்தபோது அவர்கள் சொல்லிக்கொள்ளாமல் பிரிந்தார்கள். இந்த முறை அடுத்த சந்திப்பைத் திட்டமிட்டுக்கொண்டு, போன் நம்பர்களைச் சரிபார்த்துக்கொண்டு, யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு பிரியட்டும். அந்த வேலைக்கு அவர்களுக்கு ஒரு பிற்பகல் வேண்டும்.

ஆகவே இந்த வாரம் அவள் கேட்கும்போது, பார்க்கலாம் என்று இழுக்காமல் அப்போதே சரி என்று சொல்லுங்கள். அவள் எழுதிக் கொடுக்கும் தாளை வாங்கி பிரிட்ஜிலோ காலண்டரிலோ ஒட்டி வையுங்கள். நூறு ரூபாயும் உங்கள் நல்ல சேலையும் கொடுத்து அனுப்புங்கள். மாலையில் திரும்பி வந்ததும் பாடத்தைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். யார் யார் வந்தார்கள், இப்போது என்ன செய்கிறார்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஏதாவது ஒரு பிள்ளை கஷ்டத்தில் இருப்பதாக அவள் சொன்னால், மறுநாளே என்னிடமோ அவளுடைய வகுப்பாசிரியரிடமோ தெரியப்படுத்துங்கள். உங்கள் மகளை மட்டுமல்லாமல் அவளோடு படித்த எல்லாப் பிள்ளைகளையும் நாம் சேர்ந்துதான் கரையேற்ற வேண்டும்.

உங்கள் எல்லோருக்கும் பொங்கல் நல்வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் தமிழாசிரியை
மதுரை